கொழும்பு காலி வீதி வேலை ஏஜென்சி: கம்பஸ் பிள்ளைகள் காசு கட்டிப் பதியலாமா?

ஐந்துக்கு இரண்டு புள்ளி. அந்த இரண்டும் ஏஜென்சியில் போன் எடுக்கிற அக்காவுக்கு, நிறுவனத்துக்கு இல்லை.

கம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் அறை கிடைத்த கையோடு கேட்பது இதைத்தான்: பார்ட் டைம் வேலை எங்கே எடுக்கலாம், அந்த ஏஜென்சியில் பதிந்தால் கிடைக்குமா. கேட்பதில் பிழையில்லை. கம்பஸ் பிள்ளைகளுக்கான மஹாபொல மாதாந்த உதவித்தொகை 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது, நல்ல விஷயம்தான், ஆனால் வெள்ளவத்தையில் இரண்டு பேர் சேர்ந்து எடுக்கிற அறைக்கே அது காணாது, சாப்பாடும் பஸ்ஸும் வேறு. ஏஜென்சியின் பெயரை நான் போடவில்லை. காலி வீதியில் கடைக்கு மேல் மாடியில் போர்டு தொங்கவிட்டிருக்கிற இந்த மாதிரி இடங்கள் பல உண்டு, முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே நீங்கள் எந்தப் படியில் ஏறினாலும் கீழே எழுதியிருப்பது உதவும்.

உள்ளே ஏசி, இரண்டு மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை வரிசை. பதிவுக் கட்டணம் 2,000 ரூபா. கட்டிய காசு திருப்பித் தரப்படமாட்டாது என்று சுவரில் மூன்று மொழியிலும் வடிவாக அடித்து ஒட்டியிருக்கிறார்கள், வேலை விபரம் ஒட்டியிருக்கிற பலகைக்கு மட்டும் தமிழ் வந்து சேரவில்லை. படிவம் நான்கு பக்கம். ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு, தெரிந்த மொழிகள், அப்பாவின் தொழில், உயரம்கூடக் கேட்கிறார்கள் (விளம்பர வேலைக்குத் தேவையாம்). கிராம சேவகர் சான்றிதழும் வேண்டும். கொழும்பில் அறை எடுத்திருக்கிற வவுனியாப் பிள்ளைக்கு அது வவுனியாவில்தான் கிடைக்கும், ஆகவே ஊரிலிருந்து வெளிக்கிடும்போதே எடுத்து வந்தால் ஒரு பயணம் மிச்சம். இவ்வளவும் கேட்கிற படிவத்தில், எந்த நாள் எத்தனை மணிக்கு உங்களுக்கு லெக்சர் என்று கேட்கிற கட்டம் ஒன்று இல்லை. என்னுடைய முறைப்பாடு முழுவதும் அந்த இல்லாத கட்டத்தைப் பற்றியதுதான்.

ஏனென்றால் கம்பஸில் படிக்கிறவருக்கு வேலை என்பது சம்பளத்துக்கு முதல் நேரம். திங்கள் எட்டு மணிக்குத் தொடங்கி பத்துக்கு முடியும், பிறகு மூன்று மணி வரை ஒன்றுமில்லை, மூன்றுக்கு ஒரு ரியூட்டோரியல். புதன் முழுநாள். வெள்ளி மத்தியானத்தோடு சரி. செமஸ்டர் மாறினால் எல்லாம் தலைகீழ். வரவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இதைப் பார்க்காமல் ஒருவர் உங்களுக்கு வேலை தேடித் தருகிறேன் என்றால், அவர் கடைக்கு ஆள் தேடுகிறார், உங்களுக்கு வேலை தேடவில்லை.

எனக்கு முதலில் தந்தது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. "பார்ட் டைம்" என்று சொன்னார்கள். பின்னேரம் இரண்டிலிருந்து இரவு ஒன்பது, கிழமைக்கு ஆறு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 42 மணித்தியாலம். 1954 ஆம் ஆண்டு வந்த கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முழுநேர வேலையே கிழமைக்கு 45 மணித்தியாலம்தான். சம்பளம் 20,000, முதல் கிழமை "பழகிப் பார்க்கிற" கிழமை என்பதால் அதற்குக் காசில்லை. நாளுக்குப் பிரித்தால் 800 கூட வராது, ஆனால் தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து நாளுக்கு 1,200, மாதத்துக்கு 30,000. இதைச் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முகாமையாளர் "அது பெர்மனன்ட் ஆக்களுக்கு" என்றார். அப்படி ஒன்றும் இல்லை. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கூடப் பகுதிநேர ஊழியருக்கும் தற்காலிக ஊழியருக்கும் உண்டு, உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12, அதற்கு மேல் முதலாளி கட்டுகிற ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3. சின்னக் கடைகள் கட்டுவதில்லை என்பது வேறு கதை, கட்டத் தேவையில்லை என்று உங்களுக்கு யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

ஒன்பது மணிக்குக் கடை பூட்டி, கணக்குப் பார்த்து, 100 ஆம் இலக்கத்திலோ 101 இலோ ஏறி வெள்ளவத்தையில் இறங்கி வர எத்தனை மணியாகும் என்று ஏஜென்சியில் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கார அன்ரி எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார், திறப்பும் தரமாட்டார். பெண் பிள்ளைகள் தங்குகிற அநேகமான இடங்களில் இதுதான் நிலை. ஆகவே அந்த வேலை எனக்கு வாசலோடு முடிந்தது.

இரண்டாவது, சுப்பர் மார்க்கெட்டுக்குள் பிஸ்கட் மேசை போட்டு நிற்கிற விளம்பர வேலை. சனி, ஞாயிறு மட்டும் என்பதால் லெக்சரோடு முட்டாது. ஆனால் பத்திலிருந்து எட்டு வரை நின்றபடி, இருக்கக் கதிரை இல்லை, காசும் வேலை முடிந்து 45 நாளுக்குப் பிறகு. 45 நாள் என்பது அவர்களுக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு இரண்டு மாத அறை வாடகை. கையில் கொஞ்சம் காசு வைத்திருக்கிறவர்களுக்கு இது பரவாயில்லை, இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன்.

இனி அந்த இரண்டு புள்ளிக்கு வருவோம். அந்த அக்காவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டைக் கொப்பி) இருக்கிறது. வேலை விபரம் எல்லாம் அதில்தான், கணினி சும்மா மேசைக்கு அழகு. நிரம்பிய இடங்களைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறார், பக்கம் பக்கமாகச் சிவப்பு. நான் போனபோது எனக்கு முன்னாலேயே ஒரு கடைக்குப் போன் எடுத்து, சரளமான சிங்களத்தில், மல்லி நங்கி (தம்பி, தங்கச்சி) என்று முறை வைத்துக் கதைத்து, நான் கேட்க நினைத்தும் எப்படிக் கேட்பது என்று தெரியாத விஷயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்: மத்தியானச் சாப்பாடு தருவீர்களா, பரீட்சைக்கு லீவு உண்டா, காசாளர் மேசையில் காசு குறைந்தால் பிள்ளையின் சம்பளத்தில் வெட்டுவீர்களா. கடைசிக் கேள்விக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "தங்கச்சி, இங்க வேணாம்" என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, முல்லைத்தீவு என்று வருகிற எங்களில் அரைவாசிப் பேருக்குச் சிங்களம் பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கிற அளவுதான். உண்மையில் அந்த ஏஜென்சி விற்கிறது அந்த ஒரு போன் கோலைத்தான். அதற்கு 2,000 ரூபா கூடுதல், ஆனால் பெறுமதி இல்லை என்று சொல்லமாட்டேன்.

கொப்பியில் இருக்கிற விபரங்கள் புதிதா என்றால் இல்லை. அதிலிருந்த மூன்று தொலைபேசி இலக்கங்களை அதற்கு முந்தின மாதமே பேஸ்புக் குழு ஒன்றில் பார்த்திருந்தேன், ஒன்று வெள்ளவத்தையிலேயே கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இலவசமாகக் கிடக்கிறதைக் கொப்பியில் எழுதி விற்கிறார்கள். கட்டணம் வாங்கி வேலை தேடித் தருகிற நிலையங்களைக் கட்டுப்படுத்த 1956 இலேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆகவே தொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. நான் கேட்டபோது "மற்ற ஒபிஸில் இருக்கு" என்று பதில் வந்தது.

ரியூசன் விஷயத்தில் இன்னும் மோசம். ஏஜென்சி மூலமாக ஒரு வீட்டுக்குப் படிப்பிக்கப் போனால் முதல் மாதக் கட்டணத்தில் பாதி அவர்களுக்கு. ரியூசன் எடுக்க ஏஜென்சியே தேவையில்லை என்பதுதான் இதில் எரிச்சல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் நிறைய, வீட்டில் அம்மம்மாவோடு கதைக்கிற அளவுக்குத் தமிழ் தெரியும், எழுதச் சொன்னால் அழுகிறார்கள், பெற்றோருக்கு அது பெரிய கவலை. புலமைப்பரிசில் பரீட்சைப் பிள்ளைகள், ஓ.எல். கணிதம், விஞ்ஞானம் இன்னொரு பக்கம். வீட்டுக்கார அன்ரியிடம், கோயிலில், ஊர்ச் சங்கத்தில் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தால் ஒரு வீடு கிடைக்கும், அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு. மணித்தியாலத்துக்கு 1,000 ரூபாவுக்குக் கீழே இறங்காதீர்கள், வீடு தேடிப் போகிற பஸ் நேரமும் உங்கள் நேரம்தான். மாத முடிவில் தருகிறோம் என்பார்கள், நான்கு வகுப்புக்கு ஒருமுறை என்று முதலிலேயே கதைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டிசம்பரில் பிள்ளை ஊருக்குப் போய்விடும், உங்கள் வருமானமும் கூடவே போய்விடும்.

மோட்டார் சைக்கிளும் லைசன்ஸும் இருக்கிற பொடியன்கள் பிக்மீ ஃபூட், ஊபர் ஈட்ஸ் ஓடுகிறார்கள். நேரம் உங்கள் கையில் இருப்பதால் லெக்சருக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் பெற்றோல், டயர், போன் டேட்டா எல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பார்த்து முடிவெடுங்கள், மழைக்காலத்தில் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் இன்னும் நல்லது. நான் ஓடியதில்லை, இதற்குப் புள்ளி போடமாட்டேன்.

என்னுடைய வேலை கடைசியில் நடந்து போய்க் கிடைத்தது. வெள்ளவத்தைப் பாலத்தடியிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்தி வரை காலி வீதியின் இரண்டு பக்கமும் கண்ணாடிகளை வாசித்துக்கொண்டு போனால் "வேலைக்கு ஆள் தேவை" கடதாசி எப்படியும் கண்ணில் படும். காலை பதினொரு மணியளவில் அல்லது பின்னேரம் மூன்றுக்குப் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போனால் யாரும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். காசாளரிடம் சீவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், அது லாச்சிக்குள் போய்விடும். முதலாளி எப்போது வருவார் என்று கேட்டு அந்த நேரம் திரும்பப் போங்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு கொம்யூனிகேஷன் கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், அசைன்மன்ட் பைண்டிங், கல்யாணக் கார்ட். முதலாளி ஐயா என் சீவியைத் திறந்தும் பார்க்கவில்லை, "பிள்ளை, பாமினி அடிப்பீரோ?" என்று கேட்டார். போனில் தமிழ் அடிக்காதவர்கள் இன்று யாருமில்லை, ஆனால் அச்சகத்துக்குப் போகிற வேலைக்கு இன்னும் பாமினி எழுத்துருதான் கேட்கிறார்கள், கீபோர்ட்டைப் பார்க்காமல் அதை அடிக்கிற பிள்ளைகள் கொழும்பில் குறைவு. பழகுவதற்கு இரண்டு கிழமை காணும். மொழிபெயர்ப்பாளர்கள், நொத்தாரிசு அலுவலகங்கள், கார்ட் அடிக்கிற கடைகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆள் தேவை. அடுத்து அவர் கேட்டது லெக்சர் நேரம். டைம் டேபிளைப் போட்டோக்கொப்பி எடுத்து (கடையே அதுதானே) பில் புத்தகத்துக்கு மேலே ஒட்டிவைத்தார். ஒழுங்கான வருமானமா என்றால் பெரிதாக இல்லை, ஆனால் கிழமை முடிவில் கையில் தருகிறார், பரீட்சைக் கிழமையில் வராதே என்கிறார், எட்டு மணிக்கு முன்னால் அறைக்குப் போய்விடுகிறேன்.

வட்ஸ்அப்பில், டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போட்டால் ஒரு நாளைக்கு 5,000" என்று வருகிறவற்றைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் எங்கள் பாட்சிலேயே காசு போட்டவர்கள் இருக்கிறார்கள். முதலில் சின்னத் தொகை ஒன்று உண்மையாகவே வரும், பிறகு "லெவல் ஏற" உங்களிடமே காசு கேட்பார்கள், அது திரும்பி வராது. ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று தொடங்கினால் அது பிரமிட் திட்டம், வங்கிச் சட்டத்தின்படி குற்றம், மத்திய வங்கி சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏஜென்சிக்குப் போகத்தான் வேண்டும் என்றால், வெறும் சிங்களப் பயத்தால் என்றால்கூட, போங்கள், ஆனால் காசு கட்ட முன்னால் அந்த அக்காவின் மேசைக்குப் போய் டைம் டேபிளைக் கையில் கொடுத்து இந்த நேரத்துக்கு ஏதும் இருக்கா என்று கேளுங்கள். கொப்பியைப் புரட்டிவிட்டு இல்லை என்றால் அவரே சொல்லிவிடுவார். கட்டினால் ரசீது வாங்குங்கள், சும்மா துண்டில் எழுதித் தருவது ரசீது இல்லை. காசில்லாமல் "பழகிப் பார்க்க" அனுப்பினால் போகவேண்டாம், போய்விட்டுக் காசு தராமல் விட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். அடையாள அட்டையின் அசலை எந்தக் காரணம் சொல்லிக் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோக்கொப்பி போதும், அதிலும் குறுக்கே இன்ன வேலைக்கு என்று எழுதித் திகதியையும் போட்டுக் கொடுங்கள்.