பிடிஎஃப்பிலிருந்து வேர்டுக்கு: எந்த வழியில் வேலை குறைவு?

எங்கள் வாசகர் வட்டத்தின் பழைய ஆண்டு மலரைத் திருத்தி மறுபடி அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் இருந்தது பிடிஎஃப் மட்டும். நகலெடுத்து வேர்டில் ஒட்டலாம், வேர்டிலேயே நேராகத் திறக்கலாம், இல்லையென்றால் பக்கங்களைப் படமாக்கி கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறக்கலாம். நான் மூன்றாவது வழிக்கே போனேன்.

ஆங்கில ஆவணம் என்றால் இவ்வளவு யோசனை தேவையில்லை. வேர்டு 2013 முதல் பிடிஎஃப்பை நேராகவே திறக்கிறது. தலைப்பு, தடித்த எழுத்து, அட்டவணை எல்லாம் ஓரளவு அப்படியே வரும். ஒட்டினால் வரிக்கு வரி பத்தி உடையும், அவ்வளவுதான். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில், முற்றுப்புள்ளியை அடுத்து பாராகிராஃப் மார்க் (பத்தி முடிவுக் குறி) வரும் இடங்களில் மட்டும் அந்த மார்க்கை @@ என்று மாற்றுங்கள். மீதி மார்க்குகளை இடைவெளியாக்கி, கடைசியில் @@-ஐ மறுபடி மார்க்காக்கினால் பத்திகள் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

தமிழில் அடி விழுவது எழுத்திலேயே. பிடிஎஃப் முக்கியமாக வைத்திருப்பது எந்த வடிவம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதைத்தான். அந்த வடிவம் எந்த யூனிகோடு எழுத்து என்று சொல்லும் அட்டவணை கோப்பில் சரியாக இல்லையென்றால் ‘கொடுத்தான்’ என்பது ‘ெகாடுத்தான்’ என்று வந்து விழும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவாக இருந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதையாவது எழுத்துரு மாற்றியில் போட்டுச் சரிசெய்யலாம். வேர்டில் நேராகத் திறந்தாலும் உள்ளே இருப்பது அதே எழுத்துதான். பக்க அமைப்பு அழகாக இருக்கலாம், ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது.

படமாக ஏற்றும்போது அந்தக் கெட்டுப்போன எழுத்துக்கு வேலையே இல்லை. கூகுள் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் படிக்கிறது. பதிலுக்குத் தலைப்பு, தடிப்பு, பத்தி அமைப்பு பெரும்பாலும் போய்விடும். போகட்டும். அவற்றை வேர்டின் ஸ்டைல்களை வைத்து ஒரு மாலையில் மீட்டுவிடலாம். உடைந்த எழுத்தை வரிவரியாக உட்கார்ந்து படித்துத்தான் திருத்த வேண்டும். மெய்ப்புப் பார்க்கும் நேரம்தான் இதில் உண்மையான செலவு. இந்த வழியிலும் பிழை உண்டு. ரகரமும் துணைக்காலும் மாறி ‘மரம்’ ‘மாம்’ ஆகும், புள்ளி விட்டுப்போகும். ஆனால் ஒவ்வொரு கொம்பையும் இடம் மாற்றும் வேலை இல்லை.

அட்டவணை நிறைந்த கணக்கறிக்கைகளில் இதை நான் செய்து பார்த்ததில்லை. அதற்கு வேர்டில் நேராகத் திறப்பதே மேல் என்று தோன்றுகிறது.

எந்த வழி என்று முடிவு செய்யுமுன் ஒரே ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் ஒற்றும் சரியாக நின்றால் படமாக்கும் வேலையே வேண்டாம். ஒட்டிவிட்டு வரிகளைச் சேர்த்தால் போதும். அப்போதும் ஒரு கவனம்: தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமலே உடைப்பது வழக்கம். மார்க்கை இடைவெளியாக்கியதும் ‘புத்த கம்’ என்று நிற்கும் சொற்களைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.