புளியரை ஏசி கடை: கார் மிதியடியில் தண்ணீரோடு போனவளின் அனுபவம்

வாரத்தில் இரண்டு நாள் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு சேவும் மிக்சரும் ஏற்றிக்கொண்டு நானே கார் ஓட்டிப் போகிறேன். பின்சீட்டு நிறைந்தால் மிச்சப் பெட்டி முன்னால் இடது பக்கம், கால் வைக்கிற இடத்தில் இருக்கும். ஜூன் இரண்டாவது வாரம் அந்தப் பெட்டியைத் தூக்கினேன். அடி அட்டை ஊறிக் கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வண்டிக்குள்ளே வெள்ளமாணல்லோ" என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். என் காரில் நின்றது தமிழ் வெள்ளம். நாலு கிலோ காராச்சேவு போச்சு.

திரும்பி வரும்போது கோட்டவாசல் தாண்டி எஸ் வளைவில் இறங்கினால், டேஷ்போர்டுக்குள்ளே பாதிக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடக்கிற மாதிரி ஒரு சத்தம்.

முதலில் போனது ஒரு பெரிய கார் ஏசி கடை, பெயர் வேண்டாம். "மேடம், கேஸ் லீக்" என்று 1,800 ரூபாய்க்கு கேஸ் ஏற்றினார்கள். மறுநாளும் மிதியடி ஈரம். திரும்பப் போய்க் கேட்டால், கூலிங் காயில் போய்விட்டது, டேஷ்போர்டையே இறக்க வேண்டும், 9,500 ஆகும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

புளியரையில் ரோட்டோரம் தகரம் போட்ட இந்தக் கடையைச் சொன்னது ஒரு லோடு ஆட்டோ டிரைவர். பலகை கிடையாது, பழைய கம்ப்ரஸர்கள் வாசலில் குவிந்து கிடப்பதுதான் அடையாளம். நடத்துகிற தம்பிக்கு முப்பது வயது இருக்கும். நான் கதையை ஆரம்பிக்கும்போதே மிதியடியைத் தூக்கி, ஈரத்தில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்தார். "கூலன்ட்னா பிசுபிசுக்கும்க்கா, இனிப்பு வாடை அடிக்கும். இது வெறும் தண்ணி." பானட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவையும் பார்த்தார், அளவு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி: "மழையில சும்மா நிறுத்தினப்போ நனைஞ்சுதா?" இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாரல், வண்டி எடுக்கவில்லை, உள்ளே காய்ந்தே இருந்தது. ஆக, மழைத் தண்ணீரும் இல்லை.

சமதளத்தில் நிறுத்தி, ஏசியை முழுசாக வைத்து, காருக்கு அடியில் தினத்தாள் விரித்தார். கால் மணி நேரம் ஆகியும் தாளில் ஒரு சொட்டு இல்லை. அங்கேயே எனக்கும் புரிந்துவிட்டது. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராகி, கீழே ஒரு தட்டில் சேர்ந்து, குழாய் வழியாக ரோட்டில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் தட்டு நிறைந்து காருக்குள் வழியும். ஆரியங்காவு கணவாய்க் காற்று சாரலோடு வீசுகிற மாதத்தில் காற்றே பாதி தண்ணீர், கேட்கவா வேண்டும். "கூலிங் நல்லாத்தானே வருது, அப்புறம் காயில் எப்படிப் போகும்?" என்று அவர் கேட்டதை அந்தப் பெரிய கடையில் யாரும் கேட்கவில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சாக்கை விரித்து அடியில் போனார். விரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய், அதன் வாயில் சிமெண்டு பூசினாற்போல மண். குளவி! மே மாதம் மூன்று வாரம் நான் கம்பத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது குடியேறியிருக்கிறது. கம்பி விடுவாரென்று நினைத்தேன். ஆழமாகக் குத்தினால் காயில் ஓட்டையாகுமாம், காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடுமாம். நகத்தாலேயே மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, காற்றைக் குறைத்து வைத்து இரண்டு தடவை ஊதினார். 'பொளக்'கென்று ஒரு சத்தம். அவர் முகத்தை விலக்குவதற்குள் ஒரு சொம்புக்குக் குறையாமல் கலங்கல் தண்ணீர் சட்டையில் கொட்டியது. திட்டாமல் சிரித்தாரே, அதற்கே தனியாக ஒரு நட்சத்திரம்.

க்ளவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரையும் காட்டினார். தூசியோடு மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. பார்த்தால் என் கடலை மாவுதான். அதை மாற்றினார். கூலி 400, ஃபில்டர் 350. ஒரு மணி நேர வேலை.

குறை இல்லாமல் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, பில் கேட்டால் அட்டையைக் கிழித்து எழுதித் தருகிறார். க்ளவ் பாக்ஸை மாட்டும்போது ஒரு கிளிப்பைச் சரியாக அழுத்தவில்லை, மேடு பள்ளத்தில் கடகடக்கிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறிய பஞ்சைக் காய வைக்கச் சொன்னார், சாரல் சீசனில் வெயிலுக்கு எங்கே போவது? வீட்டில் ஃபேனுக்கு அடியில் மூன்று நாள் போட்டும் பூஞ்சை வாடை முழுசாகப் போகவில்லை. அதைப் பிரித்துக் காய வைத்துத் தருகிற வேலையையும் அவர் எடுத்துக்கொண்டால் இன்னொரு 300 ரூபாய் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

அதற்குப் பிறகு புனலூருக்கு ஆறு நடை போய்விட்டேன். பெட்டி காய்ந்தே இருக்கிறது, நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இடது பக்கம் கீழே சொட்டுகிறது. போகிறவர்கள் 1 மணிக்கு முன்னால் போய்விடுங்கள். சாப்பிடப் போனால் 4 மணிக்குத்தான் திறக்கிறார்.