ஓராண்டுப் படிப்புக்குப் போகிறவருக்கு எந்த அமெரிக்கன் ஃபுட்பால்: பல்கலைக்கழக அணியா, ஊர் கிளப்பா?

இங்கிலாந்துக்கு ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கப் போனபோது முதல் இரண்டு வாரத்திலேயே எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, பல்கலைக்கழக மாணவர்களே நடத்தும் அமெரிக்கன் ஃபுட்பால் அணி. இன்னொன்று, அதே ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் ஆடும் கிளப். நான் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து ஒரு சீசன் முழுக்க ஆடினேன். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த குளிர்கால மாதங்களில் ஊர் கிளப்பின் பயிற்சிக்கும் ஆறு வாரம் போனேன். வரும் செப்டம்பரில் அங்கே போகவிருக்கும் தம்பிகள் சிலர் எதில் சேரலாம் என்று கேட்கிறார்கள். என் சாய்வு பல்கலைக்கழக அணியின் பக்கம்தான். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடலாம். இது நம் ஊர் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஹெல்மெட் மாட்டி, மோதி ஆடும் ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர், 100 கெஜ மைதானம், அமெரிக்கக் கல்லூரி விதிகளைத் தழுவிய பிரிட்டன் விதிகள். இரண்டிலும் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆடுகிறவர்தான் சந்தா கட்டுகிறார். மோதல் வேண்டாம் என்பவர்களுக்கு ஐந்து பேர் ஆடும் ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினாலே அவரை மடக்கியதாகக் கணக்கு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் உண்டு. நல்ல ஆட்டம், ஆனால் இந்தக் கட்டுரை ஹெல்மெட் மாட்டி ஆடுவதைப் பற்றியது.

பிரிட்டனில் மாணவர் அணிகள் 1980களிலிருந்தே ஆடிவருகின்றன. 2012இல் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பு, சுருக்கமாக பக்ஸ், இந்த லீக்கைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. அதனால் விளைந்த நன்மை பெரியது. ஆட்டத்தில் ஜெயித்துச் சேர்க்கும் பக்ஸ் புள்ளிகள் பல்கலைக்கழகத்தின் மொத்தத் தரவரிசைக்கும் போகின்றன. கிரிக்கெட், ரக்பி, ஹாக்கியோடு சேர்ந்து நம் ஆட்டமும் கணக்கில் வருவதால் மைதானமும் ஜிம்மும் கேட்கும்போது நிர்வாகம் காது கொடுக்கிறது.

மாணவர்களே நடத்துவது என்றால் என்ன என்பது உள்ளே போனால்தான் புரியும். தலைவர், பொருளாளர், கிட் (கவசம், உடை) பொறுப்பாளர் எல்லாருமே இருபது, இருபத்தொரு வயதுக்காரர்கள், ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் பிடிப்பது, நடுவர்களுக்குப் பணம் கட்டுவது, மைதானத்தில் கோடு போட ஏற்பாடு செய்வது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவைப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான். பயிற்சியாளர்களில் பெரும்பாலானோர் அதே அணியில் முன்பு ஆடியவர்கள். வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் கற்றுத் தருகிறார்கள்.

இதன் பலவீனத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினோம். பேட்ஸ் என்ற கவசங்களை மாட்டி, உடம்பைச் சூடேற்றி முடித்தாயிற்று. எதிரணி ஏற்பாடு செய்திருந்த மருத்துவக் குழு வரவே இல்லை. மருத்துவக் குழு இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. நடுவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கைவிரித்தார். அந்த அணியின் தலைவர், பத்தொன்பது வயதுப் பையன், போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்துகொண்டே இருந்தான். கண் கலங்கியிருந்தது. அன்று எனக்குக் கோபமாக இருந்தது. பிறகு எங்கள் கிட் பொறுப்பாளருக்கு உதவியாளாகச் சேர்ந்து வேலை பார்த்தபோது அந்தப் பையனின் நிலை விளங்கியது. அந்த ஆட்டத்தை மறுபடி நடத்த மைதானம் கிடைக்கவில்லை.

ஊர் கிளப்பில் இப்படி நடப்பது குறைவு என்று அங்கே பல வருடம் ஆடியவர்கள் சொன்னார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் பத்து, பதினைந்து வருடமாக அதே வேலையைச் செய்கிறவர்கள். நம்பத் தகுந்ததுதான்.

ஆட்டத்தின் தரத்திலும் மேல்மட்ட ஊர் கிளப்புகள் ஒரு படி மேலே. எஃபே ஒபாடா என்ற ஆட்டக்காரர் லண்டன் வாரியர்ஸ் என்ற ஊர் கிளப்பில் ஐந்தே ஆட்டங்கள் ஆடிவிட்டு 2015இல் அமெரிக்காவின் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் ஒப்பந்தமானவர். பிறகு கரோலினா பாந்தர்ஸுக்காக அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடினார். அது விதிவிலக்கான கதை, ஆனாலும் அங்கே எப்படிப்பட்ட ஆட்கள் வந்துபோகிறார்கள் என்பதற்கு அடையாளம். முப்பது வயதுக்காரர் ஒருவர் என் எதிரே நின்று தடுத்தபோது அவர் கை வைத்த இடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் என்னைத் தள்ளியவர்களுக்குப் பலம் இருந்தது. இவருக்குப் பலத்தோடு, அதை எங்கே வைப்பது என்பதும் தெரிந்திருந்தது.

சரி, இத்தனைக்கும் பிறகு ஏன் பல்கலைக்கழக அணி? ஓராண்டுப் படிப்புக்குப் போகிறவருக்கு இதைத் தீர்மானிப்பது தரமோ சந்தாவோ அல்ல, காலண்டர்தான்.

மாதம் மாதமாகப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் போய் இறங்குகிறோம். அக்டோபர் முழுக்கப் பல்கலைக்கழக அணியில் புதியவர்களுக்கான பயிற்சி. எப்படிக் குனிந்து நிற்பது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். இலையுதிர் காலம் முடிவதற்குள் லீக் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு இடைவெளி. ஜனவரி, பிப்ரவரியில் மீதி ஆட்டங்கள். மார்ச் வாக்கில் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் ஆட்டங்கள். அதன் பிறகு அணியில் பெரிய வேலை எதுவும் இல்லை. மே மாதத் தேர்வுக்கும், ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய ஆய்வேட்டுக்கும் தலை காலியாக இருக்கும்.

ஊர் கிளப்பின் லீக் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை நடக்கிறது. அதன் முடிவில்தான் பிரிட்பௌல் என்ற இறுதி ஆட்டம். அதாவது நமக்குத் தேர்வும் ஆய்வேடும் கழுத்தைப் பிடிக்கிற அதே ஐந்து மாதம். செப்டம்பரில் சேர்ந்தால் உருப்படியான முதல் ஆட்டத்துக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து இடம் பிடித்தாலும், மே மாதத்தில் இரண்டு ஞாயிறு தேர்வுக்காக வராமல் போனால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அது நியாயமும்கூட. அங்கே ஆடுகிறவர்கள் குடும்பத்திடம் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமையை வாங்கி வருகிறவர்கள். அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக்கை நாம் மனப்பாடம் செய்து முடிக்கும் நேரத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்யும் நாள் வந்துவிடும்.

என்னோடு படித்த கேரளப் பையன் ஒருவன் நேரே ஊர் கிளப்பில் சேர்ந்தான். என்னைவிட வேகமானவன், பந்தை நன்றாகப் பிடிப்பான். மார்ச் வரை ஒரு பயிற்சியையும் விடவில்லை. ஏப்ரலில் இரண்டு ஆட்டத்தில் சில நிமிடங்கள் இறங்கினான். மே மாதம் பிறந்ததும் நிறுத்திவிட்டான். அதே காலத்தில் நான் ஆறு முழு ஆட்டங்கள் ஆடியிருந்தேன். அவனிடம் குறையில்லை, கிளப்பிடமும் குறையில்லை. நாள்காட்டி அவனுக்கு எதிராக இருந்தது, அவ்வளவுதான்.

காலண்டரோடு ஒட்டிய இன்னொன்று, எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவது. பழைய ஆட்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவதால் ஒவ்வொரு அக்டோபரிலும் அணியின் பாதி புதிதாக வருகிறது. வந்தவர்களில் பலர் இங்கிலாந்துப் பையன்களே, ஆனாலும் அந்த முட்டைப் பந்தைக் கையில் தொடுவது அவர்களுக்கும் முதல் தடவை. நான் ஊரில் கபடி ஆடியவன், கவர் இடத்தில் நின்றவன். ரெய்டரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து நகர்ந்த பழக்கம், பந்தைப் பிடிக்க ஓடும் எதிராளியை ஒட்டி ஓடித் தடுக்கும் கார்னர்பேக் இடத்தில் அப்படியே கைகொடுத்தது. பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கும் பழக்கத்தை மட்டும் மறக்க வேண்டியிருந்தது. தலை தாழ்ந்தபடி பாய்ந்தால் கழுத்து போய்விடும். தலையை நிமிர்த்தி, கண் எதிராளி மேல் இருக்க, தோளைக் கொண்டு அணைக்க வேண்டும். இதை ஒரே மாலையில் நாற்பது தடவை செய்யவைத்த பயிற்சியாளருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஊர் கிளப்பிலும் புதியவர்களுக்கென்று நாட்கள் உண்டு. ஆனால் அன்று மைதானத்தில் புதியவர் நான்கைந்து பேர்தான். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், போக்குவரத்து. பல்கலைக்கழக அணி வெளியூர் போனால் எல்லாருக்கும் ஒரே பஸ். ஊர் கிளப்பில் அவரவர் கார். கார் இல்லாத நான் ஒவ்வொரு பயிற்சிக்கும் யாரிடமாவது கேட்டுத்தான் போனேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுக்கொடுப்பது இரண்டிலும் உண்டு. மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பதால், சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கடை மேலாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அதே விசாவில் காசு வாங்கிக்கொண்டு விளையாடவோ பயிற்சி தரவோ கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பின்னால் யாராவது ‘பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடு, மணிக்கு இவ்வளவு’ என்று கேட்டால் நாசூக்காக மறுத்துவிடுங்கள்.

கோப்பை விஷயத்தையும் சொல்ல வேண்டும். பர்மிங்காம் லயன்ஸ் மாதிரிப் பலமுறை பட்டம் வென்ற பல்கலைக்கழக அணிகள் மேல்மட்டமான பிரீமியர் பிரிவில் இருக்கின்றன. தேசியப் பட்டம் அந்த மட்டத்துக்குத்தான். எங்களைப் போன்ற கீழ்ப் பிரிவு அணிகளுக்கு மேலே ஏறுவதுதான் கோப்பை. ஜப்பானில் பல்கலைக்கழக இறுதி ஆட்டமான கோஷியன் பௌல் 1947 முதல் நடக்கிறது. கோஷியன் என்ற பெயர்பெற்ற பேஸ்பால் மைதானத்திலேயே ஆடுகிறார்கள். எங்கள் பிளேஆஃபுக்கோ வந்தது வீட்டார், தோழர்கள், முன்னாள் மாணவர்கள் என்று நூறு பேர்கூட இருக்காது. நான்காம் கால் பகுதியில் நான் தட்டிவிட்ட ஒரு பந்துக்கு அந்த நூறு பேரும் எழுந்து கத்தினார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றோம். நாங்கள் அழுதது உண்மை. ஆறு மாதம் ஒன்றாகச் சேற்றில் புரண்டவர்களுக்கு அது சின்ன லீக்காகத் தெரியவில்லை.

ஊர் கிளப்பைப் பற்றி நான் சொல்வதை ஆறு வாரப் பயிற்சியின் அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். லீக் ஆட்டம் ஒன்றுகூட அங்கே ஆடியதில்லை. காயம் எதில் அதிகம் என்ற கேள்விக்கும் என் ஒரு சீசனை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு விரல் பிசகியது, அவ்வளவுதான். எங்கள் அணியிலேயே முழங்கால் போய் ஆபரேஷன் வரை போனவர் உண்டு. காப்பீடு எதையெல்லாம் உள்ளடக்குகிறது என்று இரண்டிலும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

மூன்று வருட இளங்கலைக்கோ பிஎச்.டி.க்கோ போகிறீர்கள் என்றால் கணக்கு மாறிவிடும். குளிர்காலத்தில் பல்கலைக்கழகம், கோடையில் ஊர் கிளப் என்று இரண்டிலும் ஆடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டாம் ஆண்டில் நல்ல முன்னேற்றம் காட்டுகிறவர்கள் அவர்கள்தான். படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்க்கத் தங்குகிறவருக்கோ ஊர் கிளப் ஒன்றுதான் வழி.

பல்கலைக்கழக அணியில் சேர்கிறவர்கள் கிட் கொடுக்கும் மாலைக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். ஹெல்மெட்டும் ஷோல்டர் பேட்ஸும் கிளப்புடையவை, இரவலாகத் தருவார்கள். நடு அளவுகள் அரை மணியில் தீர்ந்துவிடும். ஹெல்மெட்டை மாட்டி, காற்றடைத்து, தாடைப் பட்டையை இறுக்கியபின் முகக்கம்பியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். நெற்றித் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாக வழுக்கினால், பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், வேறு ஒன்று கேளுங்கள்.