பழைய மாடிக் கட்டடத்தின் வரலாறு: உறுதியா, வரி இடாப்பா, வாய்மொழியா?

திருகோணமலை நகரில், கீழே கடைகளும் மேலே வாடகைக் குடித்தனங்களுமாக நிற்கும் பழைய மாடிக் கட்டடமொன்றின் வரலாற்றைத் தேடுவோர் பெரும்பாலும் காணிப் பதிவகத்துக்கே முதலில் செல்கின்றனர். காணி விற்பனைக்கு நொத்தாரிசு உறுதி (நொத்தாரிசு சான்றுப்படுத்தும் காணிப் பத்திரம்) கட்டாயம் என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்ததால், உரிமையாளர் வரிசையை அங்கே நெடுந்தூரம் பின்தொடரலாம். ஆயினும் அது காணி கைமாறிய வரலாறேயன்றிக் கட்டடத்தின் வரலாறு அன்று. மாடிகளைத் தனித்தனி உரிமையாகப் பிரிக்கும் சட்டங்கள் 1970களில்தான் வந்தன. அதற்கு முந்திய குடித்தனங்களின் சுவடு பதிவேட்டில் பெரும்பாலும் இராது.

உறுதியில் கட்டடத்தைப் பற்றிப் பேசும் பகுதி, எல்லைகளைக் கூறும் அட்டவணையே. ‘கல்வீடும் கிணறும்’ என்றிருந்த விவரிப்பு ஓர் உறுதியில் ‘மாடிக் கட்டடம்’ என மாறியிருந்தால், அந்தத் திகதிக்கு முன்னரே மாடி எழுந்துவிட்டது எனக் கொள்ளலாம். மாறாதிருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்யலாகாது. பழைய அட்டவணையை அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கம் நொத்தாரிசுகளிடம் உண்டு. இணைக்கப்பட்ட நில அளவைப் படத்தில் கட்டடத்தின் வடிவம் வரையப்பட்டிருப்பின், அது எழுத்தைவிட நம்பத்தக்கது.

கட்டிய காலத்தை அறிவதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் வரிமதிப்பீட்டு இடாப்பையே (வரி விதிப்பதற்காகக் கட்டடங்களின் பெறுமதியைக் குறிக்கும் பதிவேட்டையே) நான் உயர்வாக மதிக்கிறேன். ஒரு வீட்டிலக்கத்துக்கு அதில் குறித்த ஆண்டுப் பெறுமதி, அயல் வீடுகளின் பெறுமதி அசையாதிருக்கத் தான் மட்டும் திடீரென ஏறியிருந்தால், அங்கே புதிய கட்டடமோ மேல்மாடியோ எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். எனினும் வீதி இலக்கங்கள் மாற்றப்படுவதுண்டு. பழைய இலக்கத்தை உறுதியிலிருந்தே பெற வேண்டியிருப்பதால், பதிவகத்தை முற்றாகத் தவிர்க்க இயலாது. மன்றம் இடாப்பைக் காட்டத் தயங்கினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும்.

வாடகைக்கு இருந்தவர்களின் பெயரும் தொழிலும் இவ்விரண்டிலும் அரிதாகவே கிடைக்கும்; அதற்கு மூத்தோரையே நாட வேண்டும். எந்த ஆண்டு என்று கேட்பதைவிட, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு வீசியதற்கு முன்னரா பின்னரா, 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியபோது மேல்மாடியில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்பது பயன் தரும். அவர்கள் சொல்லும் குடும்பப் பெயர்களை அக்கால வாக்காளர் இடாப்பு கிடைக்குமாயின் அதனுடன் ஒப்பிட்ட பின்னரே எழுத்தில் சேர்க்க வேண்டும்.