பூவின் நடுவே ஒரு கோடு: டார்க்டேபிளும் கிராபிக்ஸ் கார்டும், மூன்று ஆண்டு அனுபவம்

காரைக்குடியில் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாண ஆல்பம் பாதி வருமானம். செட்டிநாட்டு வீடுகளையும் ஆத்தங்குடிக் கல் பட்டறைகளையும் படமெடுத்துக் கொடுப்பது மீதி. மூன்று ஆண்டுகளாக எல்லாப் படங்களையும் லினக்ஸில் ஓடும் டார்க்டேபிள் என்ற மென்பொருளில்தான் கழுவுகிறேன். பிலிம் காலத்து வார்த்தைதான். கேமரா தரும் ரா கோப்பைப் படமாக்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வேகத்துக்காக 4 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் போட்டிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வளவுக்குள் வெளிச்சம் வானத்திலிருந்து நேராக முற்றத்தில் இறங்கும். தூண்களுக்குப் பின்னால் பத்தியில் கருக்கலாக இருக்கும். ஒரே படத்தில் இரண்டையும் காட்டுவது கடினம். நிழலைத் தூக்கினால் இரைச்சல் புள்ளிகள் மேலெழும்பும். முட்டை வெள்ளைக்கருச் சாந்து பூசிய சுவரின் பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிடும். டார்க்டேபிள் இதை அழகாகக் கையாள்கிறது. அதற்குள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கருவி, மாட்யூல் என்பார்கள். இரைச்சலை நீக்கும் மாட்யூலும் கூர்மையாக்கும் மாட்யூலும் மூன்று ஆண்டில் எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டன. மூலக் கோப்பை அது தொடுவதே இல்லை. நாம் செய்த திருத்தங்களைப் பக்கத்தில் தனிக் கோப்பாக எழுதி வைக்கிறது. இந்த ஒரு குணம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

சென்ற ஆண்டு ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்காகக் கல் மாதிரிப் புத்தகம் தயாரித்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கையால் ஊற்றிச் செய்யும் பூக்கல். சூளை கிடையாது. சில நாள் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கண்ணாடியை விட்டு வரும்போதே மினுமினுப்போடு வரும். பழைய வீட்டுக் கூடங்களில் பதித்த தளங்களையும் புத்தகத்தில் சேர்த்திருந்தோம். அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தாள்களைப் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். ஒரு கூடத்துப் படத்தில் விரலை வைத்தார்.

“தம்பி, கல் அறுப்பது சுவரோரத்தில்தான். கூடத்து நடுவே யார் அறுப்பார்கள்? இந்தப் பூவின் நடுவில் கோடு எப்படி வந்தது?”

குனிந்து பார்த்தேன். ஒரு கல்லும் அடுத்த கல்லும் சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு இருக்கும். அப்படியே இன்னொரு கோடு, சிவப்புப் பூவின் இதழை இரண்டாக வகிர்ந்துகொண்டு மேலிருந்து கீழே இறங்கியது. நானும் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்லின் சேர்க்கை என்றே நினைத்திருந்தேன். கல்லைத் தன் கையால் ஊற்றுகிறவருக்குத்தான் அது பொய்க்கோடு என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து திரையில் திறந்தால் கோடு இல்லை. முழு அளவில் ஏற்றுமதி செய்தால் மட்டும் இருக்கிறது. மெமரி கார்டைச் சந்தேகித்தேன், கோப்பில் பழுதில்லை. வெளியூர்த் தொழில்நுட்பர் ஒருவர் கிராபிக்ஸ் கார்டு சூட்டில் வெந்துபோயிருக்கும், மாற்றிவிடுங்கள் என்றார். சித்திரை வெயில் அப்படி நினைக்கத் தூண்டியது. ஆனால் ஒரே படத்தைப் பத்துமுறை ஏற்றுமதி செய்தபோது, பத்திலும் அதே இடத்தில், அதே பிக்சலில் கோடு விழுந்தது. சூட்டால் தடுமாறும் கார்டு இப்படி ஒழுங்காகத் தவறாது. இன்று ஒரு புள்ளி, நாளை வேறொரு புள்ளி என்று இறைக்கும். கணக்கில்தான் எங்கோ தப்பு என்று அன்றிரவே எனக்குத் தோன்றிவிட்டது. புதுக் கார்டுக்கு எடுத்து வைத்த பணத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

டார்க்டேபிள் கிராபிக்ஸ் கார்டிடம் வேலை வாங்குவது ஓபன்சிஎல் வழியாக. அமைப்புகளில் அதை அணைத்துவிட்டு, கணினியின் சிபியுவிலேயே அதே படத்தைக் கழுவினேன். ஒன்பது விநாடி வேலை ஒரு நிமிடத்துக்கு நெருங்கியது. கோடு காணாமல் போனது. இரண்டு படங்களையும் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் அடுக்கை வித்தியாச முறைக்கு மாற்றினேன். இரண்டும் ஒன்றானால் திரை கறுப்பாக வேண்டும். கறுத்தது. வெளிச்சத்தை ஏற்றியபோது முழுவதும் மெல்லிய தூசுபோல ஒரு மினுக்கம் தெரிந்தது. அது குற்றமல்ல, சிபியுவும் கார்டும் தசமக் கணக்கின் கடைசி இலக்கத்தில் வேறுபடுவது வழக்கம்தான். ஆனால் அந்தத் தூசுக்கு நடுவே, சாம்பலில் விழுந்த நெருப்புக் கம்பிபோல ஒரு பட்டை பளிச்சென்று நின்றது. வலது பக்கம் கத்தி வெட்டு, இடது பக்கம் மெல்ல மங்கும் விளிம்பு. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஏன் நடுவில்? இதற்கு விடை நினைவகக் கணக்கில் இருந்தது. என் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். டார்க்டேபிள் ஒவ்வொரு பிக்சலையும் நான்கு தசம எண்களாக, 16 பைட்டில் வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு படத்துக்கு 38.4 கோடி பைட். கனமான மாட்யூல்கள் சிலவற்றுக்கு இப்படிப் பத்துப் பிரதிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் தேவைப்படும். 4 ஜிபி கார்டில் அது அடங்காது. எனவே மென்பொருள் படத்தைத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்து, பிறகு ஒட்டிக்கொள்கிறது. திரையில் நாம் பார்ப்பது சிறிய அளவு. அதை வெட்ட வேண்டியதில்லை. கோடு விழுந்தது துண்டுகள் சேரும் இடத்தில். கல் பதித்த தளத்தின் படத்தையே கணினி கல் கல்லாகப் பதித்திருக்கிறது, ஒரு சேர்க்கையில் கை தவறியிருக்கிறது.

ஆனால் பல மாதம் இந்த மென்பொருளின் இதே பதிப்பு சரியாக ஒட்டியதே? மாறியது டிரைவர், கார்டை இயக்கும் மென்பொருள். ஓபன்சிஎல் நிரல்களை இறுதியாக இயந்திர மொழிக்கு மாற்றுவது நம் கணினியில் இருக்கும் டிரைவர்தான். மென்பொருளில் ஓர் எழுத்து மாறாவிட்டாலும், டிரைவர் புதிதானால் அந்த மொழிபெயர்ப்பும் புதிதாகும். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவே ஆறு பதிப்புகள் இருந்தன. நடுப் பதிப்பைப் போட்டுப் பார்ப்பது, நல்லதானால் மேல் பாதி, கெட்டதானால் கீழ்ப் பாதி. மூன்றே சோதனையில் எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று கைவிரலால் தொட்டுக் காட்ட முடிந்தது. மாட்யூல்களையும் இப்படியே பாதி பாதியாக அணைத்து, கூர்மையாக்கும் மாட்யூலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வந்தது. வெறும் சாம்பல் நிறத்தில் படங்கள் செய்தேன், ஒவ்வொன்றும் ஒரு பிக்சல் கூடுதல் அகலம். 1024 சுத்தம். 1025 முதல் 1039 வரை வலது ஓரத்தில் கறை. 1040 மறுபடி சுத்தம். பதினாறால் மிச்சமின்றி வகுபட்டால் சரி, மிச்சம் இருந்தால் தப்பு! நள்ளிரவில் எழுந்து நின்றுவிட்டேன். கார்டு பிக்சல்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்துச் செய்கிறது. கடைசிக் கூட்டம் படத்தின் எல்லையைத் தாண்டி நிற்கும். தாண்டியவர்கள் சும்மா இருக்க வேண்டும் என்று நிரலில் ஒரு வரி உண்டு. கூடத்தின் அகலம் கல்லின் அளவில் வகுபடாதபோது கொத்தனார் சுவரோரக் கல்லை அறுத்துப் போடுவதுபோல. புதிய டிரைவர், வேகத்துக்காகச் சுருக்கும்போது, அந்த வரியைத் தேவையற்றது என்று நீக்கிவிட்டது. தாண்டி நின்றவை கண்ட எண்களையும் அள்ளிப் போட்டன. அந்த மாட்யூல் ஒரே படத்தைப் பல சுற்று கடைகிறது. சுற்றுக்குச் சுற்று கறை உள்ளே நகர்ந்தது. துண்டுகளைச் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டு ஒட்டும் ஏற்பாடு இருந்தும் கறை அந்த அகலத்தைத் தாண்டிவிட்டது.

சாம்பல் படங்கள், அகலப் பட்டியல், இரண்டு டிரைவர் பதிப்பெண்கள், ஓபன்சிஎல் பதிவு ஆகியவற்றை மட்டும் வைத்து டிரைவர் எழுதுபவர்களுக்கு அனுப்பினேன். கூடத்துப் படத்தை அனுப்பவில்லை. அழகான படம் அவர்களுக்கு உதவாது. இரண்டு நிமிடத்தில் தங்கள் மேசையில் பிழையை வரவழைக்க முடிய வேண்டும், அதுதான் உதவும். அதற்கடுத்த பதிப்பில் சரிசெய்தார்கள். அதுவரை பழைய டிரைவரைப் பூட்டி வைத்து வேலை செய்தேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: டார்க்டேபிளுக்காகக் கார்டு வாங்கினால் 4 ஜிபி போதும் என்று யார் சொன்னாலும் 8 ஜிபியைப் பாருங்கள். துண்டாக்கும் தேவை குறையும், வேகமும் கூடும். மற்றபடி இந்த ஜோடியை விட்டு நான் போகப்போவதில்லை. டிரைவர் புதுப்பிப்பு வந்தால் மட்டும் சாம்பல் படங்களையும் அந்தக் கூடத்துப் படத்தையும் இரண்டு வழியிலும் கழுவி, ஜிம்ப்பில் ஒப்பிட்ட பிறகே வாடிக்கையாளர் வேலையைத் தொடுகிறேன்.

மூலக் கோப்புகளும் திருத்தங்களும் அப்படியே இருந்ததால், புத்தகத்தின் 214 படங்களையும் ஓரிரவில் மறுபடி கழுவி முடித்தேன். கல்யாண ஆல்பங்கள்தான் மனத்தை உறுத்தின. ஓரம் நறுக்காத முழுப் படத்தின் வலது ஓரம் சுத்தம், 6000 பதினாறால் வகுபடும். ஓரம் நறுக்கிய படங்கள் பலவற்றில் ஓரக் கறை உண்டு. அந்த மாதங்களில் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, பக்கங்களை மாற்றிக் கொடுத்தேன். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி, தெரியவே இல்லையே அப்பா என்றார், ஆனாலும் மாற்றினேன். தேவகோட்டை வீடு ஒன்று மட்டும் பாக்கி. மகள் வீட்டுக்கு மலேசியா போயிருக்கிறார்கள், தை பிறந்ததும் வருகிறார்களாம். பதினொரு பக்கங்கள் அச்சாகி, அவர்கள் பெயர் எழுதிய உறையில் மேசை டிராயரில் இருக்கின்றன.