எட்டுத் துண்டு மூளை மாதிரி: கொடுத்த காசுக்குத் தேறுமா?

பள்ளி ஆய்வகத்துக்கோ, நர்சிங், பிசியோதெரபி படிக்கும் பிள்ளைக்கோ, துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் மூளை மாதிரி வாங்கப் போனால் கடையில் பல ரகம் காட்டுவார்கள். இரண்டு துண்டு, நான்கு துண்டு, எட்டுத் துண்டு, ரத்தக் குழாய்களோடு ஒன்பது துண்டு, பகுதிக்கொரு வண்ணம் பூசிய பதினைந்து துண்டு என்று நீளும். பெரும்பாலோருக்கு எட்டுத் துண்டே போதும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மூளையைப் புரிந்துகொள்ள முடியாது. அது எதைக் காட்டும், எங்கே கைவிடும் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் அமைப்பு. மாதிரி நட்டநடுவே இடது, வலது என இரண்டு பாதியாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் நான்கு துண்டுகள்: மடல்கள் எனப்படும் பெருமூளைப் பகுதிகளில் நெற்றி மடலும் உச்சி மடலும் சேர்ந்து ஒன்று, பொட்டு மடலும் பிடரி மடலும் சேர்ந்து ஒன்று, மூளைத்தண்டில் பாதி, சிறுமூளையில் பாதி. அளவு ஏறக்குறைய நிஜ மனித மூளைதான். எடையில்தான் வித்தியாசம்: நிஜ மூளை 1,300 முதல் 1,400 கிராம் வரை இருக்கும், உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

கடையிலேயே சோதிக்க வேண்டியவை சில உண்டு. உச்சியில் தொடங்கி, சற்று முன்சாய்வாக, பொட்டு மடலுக்கு மேலே ஓடும் பக்கப் பள்ளத்தை நோக்கி இறங்கும் மையப் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். அது இடையில் அறுபடாமல் ஓட வேண்டும். அதன் முன்னால் உள்ள மேடு உடல் இயக்கத்துக்கு, பின்னால் உள்ள மேடு தொடுவுணர்வுக்கு. மலிவு ரகங்களில் இந்தப் பள்ளமே இருக்காது. மடிப்பு மடிப்பாக எதையோ வார்த்து வைத்திருப்பார்கள். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம், மற்றதெல்லாம் பார்க்கவே வேண்டாம். மையப் பள்ளம் இல்லாத மாதிரியில் பக்கவாதத்தை விளக்க முடியாது.

அந்தப் பக்கவாத விளக்கம்தான் இந்த மாதிரியின் உண்மையான பலம். இயக்க மேட்டில் முகமும் கையும் வெளிப்பக்கச் சரிவில் இருக்கின்றன. கால் மட்டும் உச்சியைத் தாண்டி உட்புறச் சுவரில் மடிந்து இறங்குகிறது. பாதியைக் கழற்றினால்தான் அந்த உட்சுவர் கண்ணில் படும். வெளிச்சரிவுக்கு ரத்தம் தருவது பக்கப் பள்ளத்தின் வழியே வரும் நடுப் பெருமூளைத் தமனி, உட்சுவருக்குத் தருவது முன் பெருமூளைத் தமனி. அதனால் நடுத் தமனி அடைத்தால் முகமும் கையும் அதிகம் விழும், முன் தமனி அடைத்தால் காலே அதிகம் விழும். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய இந்த வேறுபாடு, மாதிரியைக் கையில் பிரித்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தமனிகளைக் கற்பிப்பதே முக்கியம் என்றால் மட்டும் ஒன்பது துண்டுக்குப் போகலாம்.

அடுத்தது அடிப்பக்கம். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் கபால நரம்புகள் 12 இணை. மாதிரியைக் கவிழ்த்து எண்ணுங்கள். நான்காவது நரம்பு பெரும்பாலும் தட்டுப்படாது. மூளைத்தண்டின் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒரே கபால நரம்பு அது, மெல்லியது, அதனால் தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். இதை மன்னிக்கலாம். பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பிட்யூட்டரி சுரப்பி இல்லாவிட்டால் மன்னிக்கக் கூடாது. பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்தால் இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை ஏன் போகிறது என்பதற்கு அந்த நெருக்கம்தான் பதில். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் முன்பக்கம் இரண்டு நீள மேடுகள் தெரிய வேண்டும். கீழே அவற்றில் ஓடும், இயக்கக் கட்டளையைக் கொண்டுபோகும் இழைகளில் பெரும்பகுதி பக்கம் மாறுகிறது. இடது மூளை அடிபட்டால் வலது கை கால் விழுவது இதனால்தான்.

வெட்டுமுகத்தில், இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம், அதற்குக் கீழே தாலமஸ், அதற்கும் கீழே ஹைப்போதாலமஸ், மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகளில் மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையே நடுமூளை வழியாகப் போகும் குறுகிய கால்வாய் ஆகியவை தெளிவாக வேண்டும். கால்வாயை ஒரு கோடாகக்கூடக் காட்டாத மாதிரிகள் உண்டு. அது அடைத்தால் மூளைத் தண்டுவடத் திரவம் மேலே தேங்கி அறைகள் வீங்கும். திரவம் ஒரு நாளைக்கு 500 மில்லி அளவுக்குச் சுரக்கிறது, ஒரு நேரத்தில் உள்ளே இருப்பதோ 150 மில்லிதான். வடியும் வழி எவ்வளவு முக்கியம் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

இனிக் குறைகள். பள்ளங்கள் ஆழமில்லை. நிஜப் பெருமூளையின் மேலடுக்கான புறணியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மாதிரியில் அது மேலோட்டமான கீறல். வெட்டிய பரப்பில் சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் குவிந்த பகுதி), வெண் பொருள் (அவற்றின் இழைகள் ஓடும் பகுதி) வேறுபாடு பல ரகங்களில் இல்லவே இல்லை. நினைவுக்கான ஹிப்போகாம்பஸ், உணர்ச்சிகளுக்கான அமிக்டலா, இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் அடித்தள நரம்பு முடிச்சுகள் எல்லாம் வெட்டு போகாத ஆழத்தில் இருப்பதால் எட்டுத் துண்டில் பார்க்க முடியாது. பார்கின்சன் நோயைப் பற்றியோ நினைவாற்றலைப் பற்றியோ பாடம் எடுப்பவருக்கு இது பெரிய ஓட்டை. பதினைந்து துண்டு அதைக் கொஞ்சம் அடைக்கும். ஆனால் அதன் பளிச்சென்ற வண்ணங்கள் பேச்சுக்கு ஒரு பெட்டி, பார்வைக்கு ஒரு பெட்டி என்ற தப்பான எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் ஊன்றிவிடுகின்றன. அந்த விலைக்கு அது தகாது.

உள்ளே பார்க்க ஆட்டு மூளைக்கு ஈடு எதுவும் இல்லை, விலையும் மாதிரியில் ஒரு சிறு பங்குதான். பாலூட்டிகளின் மூளைத் திட்டம் ஒன்றே என்பதால் மனித மூளையில் தேடும் முக்கிய உள்ளுறுப்புகள் அதிலும் உண்டு. கறிக்கடையில் வழக்கம்போல் தலையை நடுவே பிளந்து தந்தால் மூளை சிதைந்துவிடும். மண்டையின் மேல்பக்கத்தை மட்டும் திறந்து முழுசாக எடுத்துத் தரச் சொல்லுங்கள், சவ்வை உரிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உரித்தால் நரம்புகளும் கூடவே பிய்ந்துவிடும். பிட்யூட்டரி எலும்புக் குழியிலேயே தங்கிவிடும், அதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

பச்சை மூளை கெட்டித் தயிர் பதத்தில் இருக்கும், கத்தி வைத்தால் குழையும். கெட்டிப்படுத்த, கடையில் கிடைக்கும் ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. ஒரு மூளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் கரைசல் வேண்டும். அடியில் பஞ்சு பரப்பாவிட்டால் மூளை தட்டையாகும். ரத்தம் கலந்து கலங்கியதும் கரைசலை மாற்றி, பத்து நாள் ஊற விடுங்கள். வெட்டும்போது நடுவில் இளஞ்சிவப்பாகக் குழைந்தால் ஃபார்மலின் உள்ளே எட்டவில்லை என்று பொருள், இன்னும் ஒரு வாரம் போடுங்கள். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைப்பவர்கள் உண்டு. பனித்துகள் திசுவைத் துளைத்துவிடும். ஃபார்மலின் ஆவி கண்ணையும் மூக்கையும் அரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட. காற்றோட்டமான ஆய்வகம், கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. வீட்டு அடுப்படி இதற்கு இடமே இல்லை. வெட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள்.

நீளமான கத்தியால் ஒரே இழுப்பில் நடுவே பிளக்க வேண்டும், ரம்பம் போல் அறுக்கக் கூடாது. வெட்டுமுகத்தைப் பிளாஸ்டிக் வெட்டுமுகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கார்பஸ் கலோசம், தாலமஸ், சிறுமூளையின் கிளைத்த வெண் பொருள் மூன்றும் உடனே பொருந்தும். பிறகு ஒரு பாதியைக் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கினால், மாதிரியில் கிடைக்காத சாம்பல் நிற ஓரமும் அடித்தள முடிச்சுகளும் வெளிவரும். மறு பாதியில் பக்க அறையைத் திறந்து பார்த்தால் ஹிப்போகாம்பஸ் சுருண்டு கிடப்பது தெரியும். வித்தியாசங்களையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்: ஆட்டுக்கு முகர்வு முகிழ்கள் (வாசனையை உணரும் முன்பகுதிகள்) பெரிது, சிறுமூளை பெருமூளைக்குக் கீழே ஒளியாமல் பின்னால் வெளியே நிற்கும், முகுளத்தின் நீள மேடுகள் மனிதனுடையதைவிட மெலிந்தவை.

மீண்டும் மாதிரிக்கு. பழுதாவது பெரும்பாலும் இணைப்பில்தான். பிளாஸ்டிக் முளை வைத்தவற்றில் முளை முறியும்; திருகிக் கழற்றாமல் நேராக இழுக்கப் பழக்குங்கள். முறிந்த இடத்தில் உடனடிப் பசை நிற்காது, இரண்டு குழாய் எபாக்சி நிற்கும். காந்தம் வைத்தவை கழற்ற வசதி. ஆனால் காந்தம் உதிர்ந்து சிறு பிள்ளை விழுங்கினால் குடலுக்கே ஆபத்து, ஆகவே மாதம் ஒருமுறை விரலால் அசைத்துப் பாருங்கள். துடைக்க ஈரத் துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். ஸ்பிரிட், அசிட்டோன் பட்டால் வண்ணம் கரைந்துவிடும்.

மாதிரியின் பகுதிகளுக்கு எண்ணிட்டுப் பெயர் சொல்லும், உடன் வரும் அட்டையை அப்படியே நம்பாதீர்கள். எண்ணும் பெயரும் இடம் மாறிய அட்டைகள் சாதாரணம். ஒருமுறை உடற்கூறியல் படப் புத்தகத்தோடு சரிபார்த்து, தமிழில் புது அட்டை எழுதி லேமினேட் செய்து பெட்டிக்குள் வைத்துவிட்டால் மாதிரி உழைக்கும் வரை அதுவும் உழைக்கும்.