ஃப்ரெட் ஆஸ்டெயரின் ஷூவும் என் சீடி பிளேயரின் லென்ஸும்

போன மாதம் சீடி பிளேயர் திடீரென்று டிஸ்க்கைப் படிக்க மறுத்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்தபோது உள்ளே ஒரு டிஸ்க் இருந்ததை மறந்துவிட்டேன். லென்ஸை மாற்றிய மெக்கானிக் அதையே போட்டுப் பார்த்திருக்கிறார். மாலையில் போன்: "சார், புது லென்ஸ் போட்டும் டக் டக்குன்னு சத்தம் வருது, பாட்டு குதிக்குது. திரும்பப் பிரிச்சுப் பார்க்கிறேன், நாளைக்கு வாங்க." என்ன டிஸ்க் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பிளேயரின் கோளாறு என்று நினைத்தது, பழைய ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃப்ரெட் ஆஸ்டெயரின் கால்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னேன். அவன் பிடித்துக்கொண்டான். "'தி ஆஸ்டெயர் ஸ்டோரி'ங்கிற அந்த ரெண்டு சீடி செட்டு பழசா ஒண்ணு சல்லிசா கிடைக்குதுடா, வாங்கலாமா?" என்று மூன்று நாளாகக் கேட்கிறான். பன்னிரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன், எனக்குத்தானே தெரியும். அவனுக்கு எழுதியதுதான் இது, கொஞ்சம் நீண்டுவிட்டது.

'தி ஆஸ்டெயர் ஸ்டோரி'யைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அடிப்படை விவரம் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 1952 டிசம்பர், லாஸ் ஏஞ்சலஸ். ஜாஸ் கச்சேரிகளை ஊர் ஊராகக் கொண்டுபோன நார்மன் கிரான்ஸ், ஆஸ்டெயரைக் கூப்பிட்டு, நீங்கள் சினிமாவிலும் மேடையிலும் பாடிப் புகழ் பெற்ற பாட்டுகளையெல்லாம் ஒரு சின்ன ஜாஸ் குழுவோடு திரும்பப் பாடுங்கள் என்று உட்கார வைத்தார். பியானோ ஆஸ்கார் பீட்டர்சன், பேஸ் ரே பிரவுன், கிட்டார் பார்னி கெசல், டிரம்ஸ் ஆல்வின் ஸ்டோலர், டிரம்பெட் சார்லி ஷேவர்ஸ், சாக்ஸபோன் ஃப்ளிப் பிலிப்ஸ். ஆஸ்டெயருக்கு அப்போது 53 வயது, பீட்டர்சனுக்கு 27. முதலில் நான்கு எல்பி இசைத்தட்டு, டேவிட் ஸ்டோன் மார்ட்டின் ஓவியங்களோடு ஆஸ்டெயர் கையெழுத்துப் போட்ட பதிப்பு. அதற்கெல்லாம் எனக்கு வக்கு இல்லை. என்னிடம் இருப்பது பிற்பாடு வெர்வ் கம்பெனி போட்ட இரட்டை சீடி.

குரலைப் பற்றி முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன், பிறகு கோபம் வந்துவிடும். மெல்லிசான குரல். உச்சத்துக்குப் போகும்போது எட்டிப் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும், நீண்ட சுரத்தை இழுத்து நிறுத்த வராது. ஆனால் அதற்காக அவர் திணறுவதே இல்லை. இழுக்க வேண்டிய இடத்தில் வார்த்தையைப் பேச்சு மாதிரி சட்டென்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார், ஒரு சொல் கூட காதில் தவறாது. இர்விங் பெர்லின், கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஜெரோம் கெர்ன் என்று பேர்பெற்ற இசையமைப்பாளர்கள் எல்லோரும் பெரிய தொண்டைக்காரர்களை விட்டுவிட்டு இவருக்கென்று எழுதினார்கள் என்றால் சும்மாவா. 'தி வே யூ லுக் டுநைட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் 'ஸ்விங் டைம்' படத்தில் அவர் பியானோவில் உட்கார்ந்து பாடுவார், ஜோடியாக நடித்த ஜிஞ்சர் ராஜர்ஸ் தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு வந்து நிற்பார், ஆஸ்கர் வாங்கிய பாட்டு. இங்கே நுரையும் இல்லை, ஜிஞ்சரும் இல்லை. ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் யாருக்கோ பழைய விஷயம் ஒன்றைச் சொல்வது போல இருக்கிறது. எனக்குப் படத்தை விட இதுதான் பிடிக்கிறது, அடிக்க வராதீர்கள்.

பீட்டர்சன்? சில இடங்களில் விரல் அதிகம். பாடுகிறவர் நாலு வார்த்தை சொல்வதற்குள் இவர் நாற்பது சுரம் கொட்டிவிடுவார். 27 வயது, விட்டுவிடலாம். இதே கிரான்ஸ் 1956இல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை வைத்து ஒவ்வொரு இசையமைப்பாளருக்கும் ஒரு 'சாங்புக்' ஆல்பம் என்று ஆரம்பித்தாரே, அதற்கு ஒத்திகை இங்கேதான் நடந்தது என்பது என் கட்சி.

சரி, ஷூவுக்கு வருவோம்.

பாட்டுகளுக்கு நடுவே ஆஸ்டெயர் பாடாமல் ஆடுகிறார். ஆமாம், இசைத்தட்டில் ஆடுகிறார். மெதுவாக ஒன்று, நடுத்தர வேகத்தில் ஒன்று, வேகமாக ஒன்று. ஒத்திகை செய்யாமல் அந்த நேரத்துக்குத் தோன்றியதைக் குழுவோடு ஆடியது. வாங்கிய முதல் வருஷம் எனக்கு இது தாங்கவே முடியவில்லை. உலகத்திலேயே கண்ணால் பார்க்க வேண்டிய மனிதர் இவர், இவரைக் காதால் பார் என்றால் என்ன அர்த்தம்? பிரியாணி வாசனையை மட்டும் பார்சல் கட்டிக் கொடுத்தது மாதிரி. ரிமோட்டில் அடுத்ததுக்குத் தாவிவிடுவேன். ஒருநாள் தாவ மறந்து சமையலறையில் இருந்தபோது கீழ் வீட்டம்மா மேலே வந்து, "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு என்ன ஆணி அடிக்கிறீங்க?" என்று கேட்டார். அவரிடம் ஆஸ்டெயரைப் பற்றி விளக்கிய அரைமணி நேரம் என் வாழ்க்கையில் திரும்ப வராது.

அப்புறம் ஒரு விஷயம் தெரிந்தது, அதிலிருந்து கதை மாறிவிட்டது. சினிமாவில் நாம் கேட்கிற 'டாப்' சத்தம், அதாவது ஷூவால் தரையைத் தட்டி ஆடுகிற சத்தம், பெரும்பாலும் ஆடும்போது பதிவானது இல்லை. படம் எடுத்து முடித்த பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே தனியாக ஆடிச் சேர்ப்பார்கள். ஜிஞ்சர் ராஜர்ஸின் கால் சத்தத்தை நடன இயக்குநர் ஹெர்மிஸ் பான் ஆடிக் கொடுத்த படங்களே உண்டு. அதாவது இத்தனை நாள் நான் 'நிஜம்' என்று பார்த்தது ஒட்டுப்போட்டது, 'படமில்லாத மொக்கை' என்று தாண்டிப் போனதுதான் அந்தக் காலும் அந்த பியானோவும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருந்த பதிவு.

அதற்குப் பிறகு ஹெட்போனில் கேட்க ஆரம்பித்தேன். குதிகால் விழுந்தால் தடித்த சத்தம், முன்பாதம் தொட்டால் மெல்லிய சத்தம். பாதத்தைத் தேய்க்கும்போது டிரம்ஸில் பிரஷ் போடுகிற மாதிரி 'ஸ்ஸ்' என்று ஒன்று வருகிறது, அதுதான் எனக்குப் பித்தம் ஏற்றியது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் தட்டாமல் விட்ட இடத்துக்கு நாம் தலையாட்டுவோம் இல்லையா, அந்த மாதிரி இவர் கால் வைக்காமல் விட்ட இடங்கள் இருக்கின்றன. மோனோ பதிவு, எல்லாம் நடு மண்டைக்குள் வந்து உட்காருகிறது. சுருக்கமாகச் சொன்னால், அந்தக் குழுவில் ஏழாவது வாத்தியம் ஷூ.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேனா, இப்போது தீராத கடுப்பு ஒன்று. மனிதர் இடையிடையே பேசுகிறார். பழைய ஞாபகம், நன்றி, இந்தப் பாட்டு எங்கே பாடினேன் என்று. ரொம்ப மரியாதையான, கொஞ்சம் கூச்சப்பட்ட பேச்சு. முதல் பத்துத் தடவை இனிக்கும். பதினொன்றாவது தடவை, கல்யாண வீட்டில் சொன்ன கதையையே சொல்லும் பெரியப்பா மாதிரி ஆகிவிடும். பன்னிரண்டு வருஷம் என்றால் எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல், ஒரே மூச்சில் கேட்டால் பாதியில் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகத் தெரியும். நானே ஒரேயடியாக முழுதும் கேட்டது இரண்டு முறைதான், இரண்டு முறையும் எனக்குக் காய்ச்சல்.

ஆக நண்பா, வாங்காதே. நீ காரில் போட்டுக் கேட்கிற ஆள், காரில் இந்த டக் டக் வந்தால் வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறப்பாய். "சரி, அப்போ உன்னோடதைக் கொடு, கேட்டுட்டுத் தர்றேன்" என்றான். தர மாட்டேன். வேண்டுமானால் வீட்டுக்கு வா, காபி போடுகிறேன், இங்கேயே உட்கார்ந்து கேள்.

பிளேயர் மறுநாளே திரும்பி வந்துவிட்டது, மெக்கானிக் இரண்டாவது தடவை பிரித்ததற்குக் காசு கேட்கவில்லை, நல்ல மனிதர். நேற்று ராத்திரி அந்த வேகமான ஆட்டத்தைப் போட்டேன். நடுவில் ஒரு இடத்தில் டக் என்று ஒன்று, இதுவரை நான் கேட்ட ஞாபகமே இல்லாத ஒன்று. திருப்பிப் போட்டேன், வரவில்லை. மறுபடி போட்டேன், வந்தது. புது லென்ஸுக்கு மூன்று மாதம் கேரண்டி இருக்கிறது, ஆனால் அவரிடம் போய் எந்த டக் என்று காட்டுவது?